புதுச் சனாதிபதியும் பங்கு இறைச்சியும்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை மறித்துவிட்டார்கள். வசனம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது, ஒன்றைச் சொல்லப் போய் வேறொன்றில் நிற்கிறேன். ஆனால் கொழும்பில் அந்தப் புதுச் சனாதிபதி அம்மா வந்த முதல் மாதங்கள் நல்லதா கெட்டதா என்று ஆட்கள் கதைக்கும்போது எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்க வெட்கம். அதுதான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கனடாவில், மல்வேர்னில் மூத்த மகனோடு இருந்தேன். இளையவன் பார்க்டேலில், ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான். இரண்டு பேருக்கும் இடையில் பிறந்த மகள்தான் யாழ்ப்பாணத்தில் மிஞ்சியிருந்தாள். சண்டை நின்றிருந்ததால் அவள் இரண்டு பிள்ளைகளோடு கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் நின்றாள். அப்போது யாழ்ப்பாணத்தைக் கையில் வைத்திருந்த இயக்கம் கொடுத்த பாஸில்தான் வந்தாள். திரும்பி வருவாள் என்று அவளுடைய புருஷன் அங்கே பிணை நின்றார். பாஸ் முடிகிற நாள் வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்புவதா, கொழும்பிலேயே நின்று கனடாவுக்கு வரப் பார்ப்பதா என்று கேட்க அந்த ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள்.

அந்தச் சனாதிபதியை நம்பலாமா என்பது மற்றவர்களுக்குத் தேநீரோடு கதைக்கிற கதை. எங்கள் வீட்டில் அது மகளுடைய உயிர்.

அதே ஞாயிறு ஆடு அடித்தார்கள். எங்கள் வீடு, இளையவன், பக்கத்து வீட்டு அங்கிள், பிறகு வந்து பங்கு எடுக்கிற ரெக்ஸ்டேல் குடும்பம் என்று நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, பங்கு போட்டு எடுப்பது எங்கள் வழக்கம். நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் மூத்தவனே கழுத்தை அறுத்தான். ஜக்கெற்றின் கை இரத்தத்தில் விறைத்துப்போய் வந்து இறங்கினான். கறாஜில் பொலித்தீன் விரித்து, மரக்குத்தியை நடுவில் வைத்து வெட்டத் தொடங்கினார்கள். நான் ஒரு மூலையில் குடல் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூத்தவன் தொடை எலும்பைக் கொத்திக்கொண்டே தொடங்கினான். "பாண் விலை குறைஞ்சது. மறிச்சு வைச்ச சவர்க்காரம் யாழ்ப்பாணத்துக்குப் போகுது, மண்ணெண்ணெய் போகுது. வந்து ஆறு மாசம் ஆகேல்லை, இதுக்கு முந்தி ஆர் செய்தவன்? யாழ்ப்பாணத்திலை அவவின்ரை பேரைச் சொல்லிக் காப்பு விக்கிறாங்களாம். சனம் வாங்கிப் போடுது."

அது பொய்யில்லை. சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்த கை என்னுடையது.

"காப்பைப் போட்டு என்ன செய்யிறது அண்ணை? டீசல் எங்கை? பசளை எங்கை? அதுகளை இன்னும் விடேல்லையே." என்றான் இளையவன். "சவர்க்காரத்தைக் குடுத்திட்டு வெளிநாடு வெளிநாடாக் காசு கேக்கிறா. அந்தக் காசிலை என்ன வாங்கப் போறா?"

"வாங்கிற பிளேனைக் கழுவவும் சவர்க்காரம் வேணும்தானே தம்பி," என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். அவர்தான் ஈரலைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர்.

மூத்தவன் சிரிக்கவில்லை. "நோர்வேக்காரன், ஒல்லாந்துக்காரன், இஞ்சத்தைக் கனடாக்காரன் எல்லாரும் போய் நிண்டு சண்டை நிக்குதோ எண்டு பாக்கிறாங்கள். உலகம் பாத்துக்கொண்டு நிக்கேக்கை குண்டு போடுவாவோ?"

"இந்தியாக்காரனும் பாக்கத்தான் வந்தவன். பிறகு ஆரைச் சுட்டவன்?" என்றான் இளையவன்.

மூத்தவன் அடுத்த எலும்பைக் குத்தியில் வைத்துக் கொத்தினான். எனக்கு என் மனுஷனின் நினைவு வந்தது. செல் விழுந்த இடத்தில் அவரை உரப்பையில்தான் கூட்டி அள்ளினோம். சைக்கிள் முழுசாகக் கிடந்தது. அது முந்திய சனாதிபதியின் காலம்.

இறைச்சியை நாலு கும்பமாகக் குவித்தார்கள். பங்கு சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவன் கும்பத்தைக் காணாமல் திரும்பி நிற்பான். மற்றவன் ஒரு கும்பத்தைத் தொட்டு, இது ஆருக்கு என்று கேட்பான். திரும்பி நிற்பவன் சொல்கிற ஆளுக்கு அந்தக் கும்பம். அப்படிச் செய்தால் குறை சொல்ல இடமில்லை. இளையவன் திரும்பி, கறாஜ் கதவுக்கு வெளியே கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ஆருக்கு?"

"அங்கிளுக்கு."

"இது?"

"ரெக்ஸ்டேல்காரருக்கு."

"இது?"

"உங்களுக்கு."

மிஞ்சியது அவனுடையது. அதைக் கேட்கவே தேவையில்லை. ஆனாலும் முறைக்கு மூத்தவன் கேட்டான். "இது?"

"அக்காவுக்கு," என்றான் இளையவன். "உங்கடை பிரீசரிலை கிடக்கட்டும். வந்து சாப்பிடுவா."

மூத்தவன் கத்தியைக் குத்தியில் கொத்தி நிறுத்தினான். "அவள் வீட்டை போறாள். நான் முடிவெடுத்திட்டன். அவள் திரும்பிப் போகாட்டில் அடுத்த நாளே இயக்கம் வீட்டை எடுத்திடும். உன்ரை அத்தான் அங்கை பிணை நிக்கிறார்."

இளையவன் திரும்பவில்லை. "வீட்டுக்குக் காவலெண்டால் நாயைக் கட்டு. அக்காவைக் கட்டாதை."

அண்ணனை அவன் 'நீ' என்று பேசி நான் கேட்டதில்லை. மூத்தவன் கும்பத்திலிருந்து முன்னங்காலைத் தூக்கி, திரும்பி நின்றவனின் பிடரியில் அடித்தான். எலும்போடு கிடந்த கால். இளையவனின் முகம் கதவு இரும்பில் மோதியது. பல்லொன்று கீழே விழுந்ததை நான் கண்டேன். அவன் திரும்பினபோது வாயால் இரத்தம் வழிந்தது. குத்தியிலிருந்த கத்தியை உருவினான். மூத்தவன் வெறுங்கையால் அலகைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை, இளையவனும் இழுத்தான். உள்ளங்கை பிளந்து வெள்ளையாய் ஏதோ தெரிந்தது. "விடுங்கோடா, விடுங்கோடா," என்று அங்கிள் நடுவில் புகுந்தார். அவருடைய முழங்கையிலும் வெட்டு. மூன்று பேரும் பொலித்தீனில் வழுக்கி இறைச்சிக்கு மேலே விழுந்தார்கள். எது ஆட்டு இரத்தம், எது என் பிள்ளைகளுடையது என்று தெரியவில்லை. மருமகள் படியில் நின்று பொலிசைக் கூப்பிடுவேன் என்று கத்தினாள்.

அப்போது குசினியில் போன் அடித்தது.

நான் அந்த வீட்டில் போன் எடுப்பதில்லை. இங்கிலிசுக்காரர் ஆராவது கதைத்தால் என்ன சொல்வது என்று பயம். மருமகள் அசையவில்லை. நான் கழுவாத கையோடு போய் எடுத்தேன்.

"அம்மாவோ? அண்ணையைக் கூப்பிடுங்கோ. பாஸ் முடியுது. பிள்ளையள் வீட்டை போவம் எண்டு ஒரே அழுகை. போகவோ, நிக்கவோ?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்னம்மா அங்கை சத்தம்?"

"ஆடு வெட்டுறாங்கள்."

"அண்ணை என்ன சொல்லுறார்?"

கதவால் பார்த்தேன். கத்தி இன்னும் இரண்டு பேருடைய கையிலும் இருந்தது. "போகாதை பிள்ளை," என்றேன்.

"அண்ணை சொன்னவரோ?"

"நான் சொல்லுறன்."

"அவர் அங்கை பிணை நிக்கிறார் அம்மா."

"தெரியும். நீ போகாதை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளக்கத் தெரியாது. வெளிநாட்டு விஷயமும் பொருளாதாரமும் எனக்கு என்ன தெரியும்? வாழ்க்கையில் அதுவரை ஒருவருக்கும் நான் முடிவு சொன்னதில்லை.

மூத்தவனுக்குக் கையில் தையல் போட்டார்கள். இறைச்சி வெட்டேக்கை வழுக்கினது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். என்னோடு கனநாள் பேசவில்லை. இளையவன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு சண்டை திரும்பத் தொடங்கியது. பார்க்கப் போன வெளிநாட்டுக்காரர் வந்த வழியே போனார்கள். மருமகனை இயக்கம் கூப்பிட்டு விசாரித்து, சில நாள் வைத்திருந்து பிறகு வெளியே விட்டது. அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்திருந்த ஒரு பகலில் பிளேன் வந்தது. கூரை வளை நெஞ்சில் விழுந்து கிடந்தாராம். இரண்டு காலும் கிணற்றடியில் கிடந்ததாக அயலில் இருந்தவர்கள் சொல்லியனுப்பினார்கள்.

மகளும் பிள்ளைகளும் அடுத்த குளிருக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் ஞாயிறு மூத்தவன் இறைச்சிக் கறி வைப்பித்தான். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் போயிருந்தால் அவரை இழுத்துக்கொண்டு வங்கர்க் கிடங்குக்குள்ளை ஓடியிருப்பன். அவருக்குக் காது கேக்காது. உங்களுக்குத் தெரியும்தானே அம்மா."

"தெரியும்," என்றேன்.

மூத்தவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்தச் சனாதிபதியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் நல்லதும் கதைக்கவில்லை, கெட்டதும் கதைக்கவில்லை.

பிளேன் வந்தது ஆனியிலா ஆடியிலா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் எந்தெந்த நாட்டவர் என்பதையும் மாற்றி எழுதியிருப்பேன். விபரம் தெரிந்தவர்கள் ஆராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். என் மகளிடம் மட்டும் கேட்க வேண்டாம்.