தடுப்புச்சுவரில் விட்ட மூன்றடி

நெஞ்சு உயரத்துக்கு எழும்பியிருந்த அந்தச் சுவரில், பின்பக்க மூலையில் மட்டும் மூன்றடி அகலத்துக்குக் கல் வைக்காமல் விட்டிருந்தார் கொத்தனார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்த நிமிடம் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. சூலக்கரை தாண்டி, கருவேல முள்ளை வெட்டித் திருத்திய பொட்டலில் எங்கள் முகாம் இருந்தது. லாரிகளுக்கும் இயந்திரங்களுக்கும் டீசல் சேமித்து வைக்க ஒரு கிடங்கு வேண்டும். சாலை முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவோம். எந்த இடத்தில் எது என்று திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று தொட்டிகள் எங்கே, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், சமையல் கொட்டகை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், டேங்கர் லாரி பின்னால் எடுக்காமலே எப்படித் திரும்பும் என்று வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு வாரம் வரைந்தேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத எனக்கு அந்தத் தாள்தான் துணை. அதில் ஒரு கோடு மாறினாலும் என்னையே யாரோ அழித்த மாதிரி இருந்தது. தொட்டிகளைச் சுற்றி இடைவெளியே இல்லாத தடுப்புச்சுவர், ஏறி இறங்க முன்பக்கம் ஒரே ஒரு படி. இதுதான் என் ஏற்பாடு.

"ஏன் இங்கே விட்டிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"உள்ள நிக்கிறவுக ஓடணும்ல சார். படி அங்கன இருக்கு. இந்தப் பக்கம் வேலை பாக்கிறவன் எப்படி வெளிய வருவான்?"

கொத்தனாருக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனிகளுக்கு அறை அறையாகக் கட்டிப் பழகிய கை. அந்த அறைகளில் எதிரெதிரே வாசல் இருக்கும். பொறி பட்டால் எந்தப் பக்கமும் ஓடலாம். டீசல் கிடங்கையும் அந்தக் கணக்கில் கட்டியிருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தொட்டி கசிந்தால் எண்ணெய் வெளியே ஓடாமல் நிற்கத்தான் சுவர், இதில் வாசல் விட்டால் சுவர் எதற்கு என்று பாடம் எடுத்தேன். அப்படியானால் இந்தப் பக்கமும் ஒரு படி வைக்கலாமே என்றார். சொன்னது நியாயம்தான். ஆனால் தாளில் ஒரு படிதான் இருந்தது. இரண்டு நாளில் கிடங்குக்கு அனுமதி தரும் அதிகாரி பார்க்க வருகிறார், படத்தில் இல்லாதது இங்கே இருக்கக் கூடாது என்றேன். வீம்பு, வேறென்ன?

உடனே கல் வைத்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டார். அன்று மத்தியானம் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்க மூலையிலிருந்து தொட்டிகளைச் சுற்றி முன்பக்கப் படிவரை அவர் ஓடிக்கொண்டிருந்தார். வாய்க்குள் எண்ணுகிறார். படியேறி வெளியே குதிக்கிறார். திரும்பப் போய் மறுபடி ஓடுகிறார். ஐம்பது வயது மனிதர், உச்சி வெயிலில், தன்னந்தனியாக. நான் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். சத்தம் கேட்டு அவர் நின்று எங்களைப் பார்த்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அதிகாரி வந்து படத்தையும் சுவரையும் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஜீப் ஓட்டுநர்தான் சொன்னார்: "கொத்தனாரு பொண்டாட்டி வெடி ரூம் தீயில போனவுக சார். ரெண்டு வாசல்ல ஒண்ண மூட்டை அடுக்கி மறிச்சிருந்தாக. சீசன் நேரம், அம்புட்டு லோடு. மத்தவுக தப்பிச்சிட்டாக. இவுக இருந்தது மூட்டைப் பக்கம்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி புதுப்பட்டிக்குப் போனேன். வீட்டு வாசலில் பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தேன். தாண்டுவதற்கு அங்கே நிலைப்படியே இல்லை, ஓடும்போது கால் தடுக்க எதுவுமில்லை. உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றார். கேலி செய்தவனிடம் கேட்கிற குரலாக அது இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் வேலைக்கு வாங்க என்றுதான் சொன்னேன். தலையாட்டி மறுத்துவிட்டார். பிறகு அவராகவே கேட்டார்: "அந்தப் பக்கமும் ஒரு படி வச்சிட்டீகளா?"

"வச்சாச்சு அண்ணே," என்றேன்.

பொய். ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டது. "அது போதும் தம்பி," என்று எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்.

மறுநாள் வேறு ஆளை வைத்துப் பின்பக்கம் படி கட்டினேன். படத்தில் இல்லையே என்று கேட்ட மேலாளரிடம், நான் போட்ட படம் தப்பு என்றேன். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். வீடு பூட்டியிருந்தது. கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாராம், எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சாலை முடிந்தது. அந்தக் கிடங்கில் ஒருநாளும் தீப்பிடிக்கவில்லை, யாரும் ஓடவும் இல்லை. இன்று என்னிடம் பத்துப் பேர் படம் வரைகிறார்கள். வரைந்து கொண்டுவரும் தாளில் இரண்டாவது வழியைத்தான் முதலில் தேடுகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால் விதியைச் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல வாய் வருவதில்லை. நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியாது. அந்த ஒரு பொய்யை நம்பித்தான் அவர் நிம்மதியாக ஊரைவிட்டுப் போனார்.