எஃபிஷியன்ட் அக்காவும் எஃபெக்டிவ் குண்டூசியும்

என் அக்காவுக்குப் பொறாமை வந்தால் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சட்டைக் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை. காலர், பட்டன் எல்லாவற்றையும் ஒரே புரட்டில் பார்த்து, கோணல் என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கூடையில் எறிவாள். நாளைக்கு ஐந்நூறு சட்டை. அங்கேயே பேக்கிங்கில் இருக்கும் நான் சொல்கிறேன், அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது.

எதிர் மேசையில் குண்டூசி. ஒல்லி என்பதால் அந்தப் பெயர். வந்து மூன்றே வருடம். முந்நூறு சட்டையைத் தாண்டமாட்டாள்.

சூப்பர்வைசர் இடம் காலியானது. மேனேஜர் இருவரைப் பற்றியும் எழுதிக் கொடுத்தார். அக்கா தாளில் 'எஃபிஷியன்ட்', குண்டூசி தாளில் 'எஃபெக்டிவ்'. குண்டூசிக்கு மட்டும் வேறு வார்த்தை என்றதுமே அக்காவுக்குப் பொறாமை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"இல்லம்மா. எஃபிஷியன்ட்னா நேரத்த வீணாக்காம வேலைய முடிக்கிறது. எஃபெக்டிவ்னா, எதுக்காக அந்த வேலையோ அது நடக்கிறது."

"அப்ப நான் செஞ்சு எதுவுமே நடக்கலையா?"

மகள் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க அக்கா குண்டூசியையே முறைத்துக்கொண்டிருந்தாள். காலர் கோணலாக வந்தால் குண்டூசி எழுந்துபோய்த் தைத்தவளிடமே காட்டினாள். அந்த மெஷினிலிருந்து அப்புறம் கோணல் வரவில்லை. அக்காவின் கூடை மட்டும் வழக்கம்போல நிரம்பியது.

அடுத்த நாள் காலையில் வீம்பை விழுங்கிக்கொண்டு, பட்டன் ஓட்டை பிசகிய சட்டையோடு அக்காவும் தன் மேசைக்குச் சட்டை வரும் தையல் லைனுக்கு நடந்தாள். தைப்பவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது நேத்துத் தச்சதுக்கா. சாயங்காலம் நீங்க கிளம்பினதுமே குண்டூசி வந்து சொன்னா, சரி பண்ணிட்டேன்."

"என் லைனுக்கு அவ எதுக்கு வந்தா?"

"உங்க கூடை நிறையுதேன்னுதான். உங்ககிட்டச் சொன்னா கோவிச்சுப்பீங்கன்னு பயந்தா."

அன்று மாலை அக்கா பாத்திரம் கழுவினாள். சத்தமே இல்லை. எனக்குத்தான் பயமாகிவிட்டது.

"என்னக்கா, அவளுக்கே குடுத்துட்டாங்களா?"

"இன்னும் சொல்லல." தட்டை மெதுவாகக் கவிழ்த்தாள். "மேனேஜர் நாற்காலியில நானே உக்காந்திருந்தாலும் அவளுக்குத்தான்டி குடுப்பேன். அதான் தாங்க முடியல."