செருப்புக்குக் காவல் இருந்தவன்: மாத்தளையிலிருந்து புறாத்தீவுக்கு ஒரு நாள்

போன ஜனவரியில் என் கூட்டாளி பாரூக்குக்கு நெஞ்சுவலி வந்து, கண்டியில் இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலை வைத்தார்கள். ஆறு மாதம் மாத்திரையும் பத்தியமும் மெல்ல நடையுமாகப் போனது. ஜூலையில் டொக்டர், தூரப் பயணம் போகலாம், நீந்துவதும் பாரம் தூக்குவதும் மட்டும் ஆகாது என்றார். அன்று பின்னேரமே பாரூக் என் கடைக்கு வந்து, திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவுக்கு ஒருமுறை போய் வருவோம் என்றான். நீந்தக் கூடாது என்று சொன்ன அன்றைக்கே கடலுக்குக் கிளம்பும் ஆளை என்னவென்று சொல்ல!

மாத்தளை டவுனில் எனக்கு ஒரு கொப்பி, பென்சில், புத்தகக் கடை. பாரூக் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். அவன் கேட்டதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ எப்படித் தட்டிக்கழிப்பது என்றுதான் யோசனை ஓடியது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிப் பயணம் உங்களுக்கு விளங்காது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் திருகோணமலைப் பாதை திறந்தபோது, மாத்தளையிலிருந்து ஒரு பஸ் பிடித்து ஐம்பது பேர் ட்ரிப் போனோம். புறாத்தீவில் நானும் பாரூக்கும் ஸ்நோர்க்கலிங் போக, அதாவது மாஸ்க் போட்டுக் குழாயால் மூச்சு விட்டபடி மிதந்து கடலடியைப் பார்க்க, இறங்கினோம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மாஸ்க்கை மாட்டுமுன் குனிந்து பார்த்தேன். நாலடி தள்ளி நிலம் சரிந்து நீலமாகப் போவது தெரிந்தது. அவ்வளவுதான். தோட்டத்துப் பீலியில், குழாயில் கொட்டும் தண்ணீரில், குளித்து வளர்ந்தவன் நான். திரும்பிக் கரைக்கு ஓடிவந்து எல்லாருடைய செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். சுது கங்கையில் பாய்ந்து நீந்திப் பழகிய பாரூக் ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில், ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே, ஆமையையும் சுறாவையும் மான்கொம்பு மாதிரிப் பவளத்தையும் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

அடுத்த வாரம் கடைக்கு வந்த ஒரு பெரியவர் ட்ரிப் எப்படி என்று விசாரித்தார். அவருடைய மகளைத்தான் நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்தேன். பயந்து ஓடிவந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பாரூக் கண்டதை எல்லாம் நானே கண்டதாக அளந்துவிட்டேன். நடுவில் பாரூக் உள்ளே வந்து, பால் விடாத பிளேன்டிக் கோப்பையோடு நின்று கேட்டான். பெரியவர் அவன் பக்கம் திரும்பி, "நீங்க?" என்று கேட்டார். "நானா? நான் செருப்புக்குக் காவல் இருந்தேன்" என்றான்.

பெரியவர் எனக்கு மாமனாரானார். கதையும் என்னோடு தங்கிவிட்டது. பாரூக்கின் மகள் சிபானா சின்னப் பிள்ளையாகக் கடைக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்லச் சொல்வாள். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. பயந்தாங்கொள்ளிப் பட்டம் பாரூக்குக்கு. வீட்டில் யாராவது அவனைச் சீண்ட வேண்டுமென்றால் "செருப்புக் காவல்" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். இப்போது இருபது வயதாகும் அந்தச் சிபானாதான் இந்தப் பயணத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்தாள். மாமா, அதாவது நான், கண்ட இடத்தை என்னோடு இறங்கியே பார்க்கப் போகிறாளாம்.

சரி, பயணத்துக்கு வருவோம். பாரூக் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வர, காலை 5.05க்குக் கிளம்பினோம். அவனுடைய கராம்பு வாசனை அடிக்கும் பழைய வேன், ஓட்டியது நான். மாத்தளையிலிருந்து நிலாவெளிக் கடற்கரை எங்கள் வேன் கணக்கில் 171 கிலோமீட்டர். அலுவிகாரை தாண்டும்போது இருட்டு. நாலந்தாவில் விடிந்தது. 6.20க்குத் தம்புள்ளையில் இடியப்பமும் உறைப்பான கட்டா சம்பலும் சாப்பிட்டோம், மூவருக்கும் 1,350 ரூபாய். பாரூக்குக்குச் சம்பல் கூடாது என்று சிபானா தட்டை இழுத்துவிட்டாள். வாப்பாவுக்கு மகள் காவல்.

ஹபரணையில் வலப்பக்கம் திரும்பிய பிறகு காடு. 7.40க்கு ஒரு தனி யானை பாதையோரம் நின்றது. வேனை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, அது உள்ளே போகும்வரை பதினைந்து நிமிடம் இருந்தோம். அங்கே விற்கும் பழத்தை வாங்கி யானைக்கு எறிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். அது பழகிப்போய்ப் பிறகு வாகனத்தை மறிக்கிறது, பழி மட்டும் யானைக்கு.

கந்தளாய் வந்ததும் பாரூக் வேனை நிறுத்தச் சொன்னான். அந்த ட்ரிப்பில் இங்கே எங்கோ ஒரு சோதனைச் சாவடி. ஐம்பது பேரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி, வரிசையாக நடந்து அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். பாட்டுக்குக் கொண்டுவந்த மேளத்தைக் கூடத் திறந்து பார்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் தயிர்ச் சட்டி விற்கிறார்கள். சாவடி எங்கே இருந்தது என்று பாரூக் ஒரு மரத்தைக் காட்ட, நான் இன்னொரு மரத்தைக் காட்ட, சண்டை தீரவில்லை. அந்த வயதும் அந்தப் பஸ்ஸும் நினைவுக்கு வந்தன. அந்த ஐம்பதில் பலர் இப்போது எங்கே என்றே தெரியாது.

9.25க்கு நிலாவெளி. கடற்கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் வாங்க வேண்டும். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டை கேட்பார்கள். படகு ஒன்றுக்கு 5,000, மாஸ்க்கும் குழாயும் ஆளுக்கு 1,000, மிதவைச் சட்டை படகோடு சேர்த்தி. பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள். சிபானாவின் உம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சல் வேனிலேயே இருந்தது. என் பையிலிருந்து ஒரு சவர்க்காரக் கட்டியும் உப்புப் பொட்டலமும் வெளியே வந்தன. அட்டை கடித்தால் வைக்க. மலைநாட்டான் எங்கே போனாலும் அட்டைக்கு ஆயத்தமாகத்தான் போவான். கடலில் அட்டை இல்லை ஐயா என்று அதிகாரி சிரித்தார்.

படகில் கால் மணி நேரம். ஜூலைக் கடல் குளம் போலக் கிடந்தது. தீவு இரண்டு பாறைக் குன்றுகள், அவ்வளவுதான். பெயருக்குக் காரணமான மாடப்புறாக்கள் உச்சிப் பாறையில் வந்து அமர்வதும் பறப்பதுமாக இருந்தன. கரையில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுகள்தான் அதிகம், வெறுங்காலுக்குக் குத்தும். பாரூக் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்தான். சிபானா செருப்பைக் கழற்றி அவன் பக்கத்தில் வைத்து, "வாப்பா, பழைய வேலைதான்" என்றாள். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மாஸ்க்கை மாட்டினேன். மாட்டித் தலையைத் தண்ணீரில் வைத்த மறுகணம் மூக்குக்குள் உப்பு. மறுபடி இறுக்கினேன், மறுபடியும் அதே கதை. படகோட்டி பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது வயதிருக்கும், நிலாவெளிக்காரர்.

"அண்ணை, இந்த மீசையோட மாஸ்க் ஒட்டாது. இடுக்கால தண்ணி உள்ளுக்க வரும்."

சிபானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மீசை முளைத்த நாளிலிருந்து ஒருநாளும் வழித்ததில்லை என்பது நான் ஊரெல்லாம் அடிக்கும் பெருமை. அவளுக்கு அது மனப்பாடம்.

"அப்ப அன்னைக்கி மீசைய என்ன செஞ்சீங்க மாமா?"

சத்தியமாக அவளுக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒருமுறைகூட மாஸ்க் மாட்டாதவனுக்கு மீசையால் தண்ணீர் வரும் என்பது எப்படித் தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், கடைசியில் மீசையில் மாட்டிக்கொண்டேன். வாயைத் திறப்பதற்குள் நிழலிலிருந்து பாரூக்கின் குரல் வந்தது.

"அவனுக்கு அப்ப மீச இவ்வளவு இல்ல மகள்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நெஞ்சில் கம்பி வைத்துக்கொண்டு, எட்டடி தூரத்தில் இருக்கும் கடலில் கால் நனைத்ததோடு சரி என்று உட்கார்ந்திருக்கிறவன், இன்றைக்கும் எனக்காகப் பொய் சொல்கிறான். வெட்கமாக இருந்தது. நெஞ்சு வலித்த அன்று இவன் போயிருந்தால், மகளுக்குக் கடைசிவரை வாப்பா செருப்புக் காவல்தானே என்ற நினைப்பு வந்தது. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"மீச அன்னைக்கும் இருந்துச்சு சிபானா. நான் எறங்கல. எறங்குனது ஒங்க வாப்பா. அந்தக் கதை முழுக்க அவனோடது. செருப்புக்குக் காவல் இருந்தது நான்."

படகோட்டி நாகரிகமாக விலகிப்போய்க் கயிற்றைப் பார்த்தார். சிபானா வாப்பாவிடம் போய் முட்டுக்காலில் உட்கார்ந்தாள்.

"ஏன் வாப்பா நீங்க ஒண்ணும் சொல்லல?"

"அன்னைக்கி இவனுக்குப் பொண்ணு குடுக்கப்போற மனுசன் முன்னால நின்னாரு" என்றான் பாரூக். "பொறகு பழகிப்போச்சு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் எழுந்து, படகோட்டியிடம் வாங்கிய வாசலின் டப்பாவை என் கையில் வைத்தாள்.

"பூசுங்க மாமா. எறங்குவோம்."

மீசையில் வாசலினைத் தடவி மாஸ்க்கை அழுத்தினால் தண்ணீர் வராது. இந்தக் கட்டுரையில் மிகவும் பயனுள்ள தகவல் இதுதான். மிதவைச் சட்டையோடு, ஒரு கையைச் சிபானாவும் மறு கையைப் படகோட்டியும் பிடிக்க இறங்கினேன். அதே சரிவு, அதே நீலம். பயம் போகவில்லை. கையை விடாதே விடாதே என்று குழாய்க்குள்ளேயே கத்தினேன். அப்புறம் கீழே ஒரு மஞ்சள் மீன் கூட்டம் போனது, கத்துவதை மறந்தேன்.

தீவின் மறுபக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் கருந்துடுப்புச் சுறாக்கள் நான்கு, ஆள் நீளம்கூட இல்லை, எங்களைச் சட்டை செய்யாமல் போயின. ஓர் ஆமை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கியது. நாற்பத்தைந்து நிமிடம் இருந்தோம். ஆனால் பாரூக் சொன்ன மான்கொம்புக் காடு எங்கே என்று தேடினால், பெரும்பகுதி சாம்பல் நிறத்தில் செத்து, உடைந்து கிடந்தது. சூடேறிய கடலும் மிதித்த கால்களும் சேர்ந்து செய்த வேலை என்றார் படகோட்டி. ஒரு மூலையில் மட்டும், என் கடை அகலத்துக்கு, நுனியில் நீலத்தோடு உயிரோடு நின்றது. அங்கே பச்சை மீன்கள் பவளத்தைக் கொத்தின. காதுக்குள் கறுக் கறுக் என்று சத்தம்.

பாரூக் அந்தச் சத்தத்தைப் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தான். தண்ணிக்குள்ள முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்குது என்றான். யார் நம்புவார்கள் என்று என் கதையில் நான் அதை விட்டுவிட்டேன்.

கரைக்கு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அந்த மான்கொம்பு இன்னும் நிக்கிதா மச்சான்?"

நெஞ்சு நோயாளி. ஆறு மாதமாக இதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தவன். நிற்கிறது, அப்படியே நிற்கிறது என்று சொல்ல வாய் துடித்தது. பொய் எனக்குப் புதிதா என்ன? சிபானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதிக்கு மேல இல்ல மச்சான். செத்துப்போச்சு."

அவன் கடலைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் கிடந்த செருப்புகளைத் தள்ளி எனக்கு இடம் விட்டான்.

"அப்ப மிச்சத்தச் சொல்லு."

சொன்னேன். முறுக்குச் சத்தத்திலிருந்து தொடங்கினேன். 12.30க்குப் படகு ஏறும்போதும், நிலாவெளி மரநிழலில் வாழையிலைச் சோறு சாப்பிடும்போதும், 2.15க்குக் கிளம்பிக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டும்போதும் சொன்னேன். இடைக்கிடை அவன் தன்னுடையதைச் சொன்னான். சிபானா பின்சீற்றிலிருந்து அவனை மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். 6.50க்கு வீடு சேர்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் செப்டெம்பர் வரைதான் அந்தக் கடல் அமைதி. பௌர்ணமிப் போயா விடுமுறையும் சனி ஞாயிறும் வேண்டாம், சந்தைக் கூட்டம். முடிந்தால் முதல்நாளே போய்த் தங்கி, காலை ஏழரைக்குப் படகு பிடியுங்கள், சுறாக்களை அப்போது அதிகம் காணலாம் என்றார் படகோட்டி. எங்களுக்கு டீசல் 8,400 போனது. பவளத்தின் மேல் தயவுசெய்து நிற்காதீர்கள், களைத்தால் மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள். ரப்பர் செருப்பு போட்டுப் போங்கள். நீந்தத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் இருபத்திரண்டு வருடம் கஷ்டப்பட்டேன். இதை வாசிக்கும் என் மனைவியிடம் மீதியை நேரில் பேசிக்கொள்கிறேன்.

போன கிழமை கடையில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் புறாத்தீவைப் பற்றி விசாரித்தார், பிள்ளைகளைக் கூட்டிப் போகிறாராம். பாரூக் அப்போது அங்கே இருந்தான். அவனே சொல்லத் தொடங்கினான், அந்தக் காலத்து மான்கொம்புக் காட்டை, ஆமையை, முறுக்குச் சத்தத்தை. என்னைவிட நன்றாகச் சொல்கிறான். நான் பிளேன்டிக் கோப்பையோடு நின்று கேட்டேன். முடிந்ததும் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "நீங்களும் எறங்குனீங்களா?" என்று கேட்டார்.

"அன்னைக்கா?" என்றேன். "அன்னைக்கி நான் செருப்புக்குக் காவல்."