ஆடி கழிந்து எடுத்த மெடிக்கல் கார்டு

"…கார்டு எடுத்து நாலு மாசம் ஆக இன்னும் மூணு வாரந்தானே பாக்கி? பல்லைக் கடிச்சுட்டு இருந்தா போச்சு. அப்புறம் கார்டைக் காட்டி ஆப்பரேஷன் பண்ணிக்கலாம்," என்றார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். கிள்ளானில் அவர்கள் வீட்டு ஹால். எதிரே, அக்காவுக்கு மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்ஷூரன்ஸ், எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் பெண். பித்தப்பையில் கல் என்று அன்று காலைதான் ஸ்கேனில் தெரிந்தது. ரொம்ப நாள் விட்டால் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சேதி கேட்டு நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்திருந்தேன்.

"அப்படி இல்லண்ணே. காய்ச்சல் கீய்ச்சலுக்கு ஒரு மாசம் பொறுத்தா போதும். கல்லு, பிரஷர் மாதிரி சிலதுக்கு நாலு மாசம். அதுக்குள்ள நோய் தலைய காட்டிடுச்சுன்னா, பிறகு எப்ப அறுத்தாலும் கம்பெனி பணம் கட்டாது. அறுக்கிற தேதிய பார்க்க மாட்டாங்க லா, நோய் தெரிஞ்ச தேதியத்தான் பார்ப்பாங்க."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனேண்ணே. ஆடி பொறந்த அன்னிக்கே வந்து சொன்னேன்."

வந்தாள்தான். காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மாமா ஆடியில் புதுசாக எதையும் தொட மாட்டார். தினம் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் காரையே எடுப்பார். ஆவணி பிறந்து, வளர்பிறை வந்து, நல்ல நேரம் குறித்துத்தான் அக்காவைக் கையெழுத்துப் போட வைத்தார். ஆடியிலேயே போட்டிருந்தால் ஐப்பசியோடு நாலு மாசம் கழிந்திருக்கும். இப்போது கார்த்திகை.

"கல்லுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா?" என்றாள் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டே. நாங்கள் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. கிளாஸில் தே தாரேக் டீ ஆறி, மேலே ஆடை படிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரைவேட்னா கைக்காசுதான் அண்ணே. இல்ல, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பதிஞ்சு வைங்க, வரிசைப்படி கூப்பிடுவாங்க. எவ்வளவு சீக்கிரம் பதியறீங்களோ அவ்வளவு நல்லது," என்று ஏஜெண்ட் பையை எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, மணி மூன்றரை. ராகு காலம்.

மாமா எழுந்தார். நாள்காட்டிப் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் செருப்பை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, காரை எடுக்க வெளியே போனார்.