நான்காம் வார்த்தைக்குப் பத்து நிமிடம்

1973 ஏப்ரல் 20, பெரிய வெள்ளி. காலை ஐந்து ஐம்பது. செங்கற்பட்டு நிலையத்தில் வானம் மூடிக் கிடந்தது. பொட்டுக் காற்று இல்லை. ரயில் வருவதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. மாம்பலத்துக்குச் சீட்டு ஒரு ரூபாய் நாற்பத்தைந்து பைசா. தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த நான்கு தாள் குறிப்பை வண்டலூர் தாண்டுவதற்குள் மூன்று முறை படித்தேன்.

வெளியார் அறிய ஒரு விளக்கம். பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கள் கோயில்களில் ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். ஒவ்வொருவர் முடித்ததும் ஒரு பாட்டு. மயிலாப்பூர்ச் சபை எனக்கு ஒதுக்கியிருந்தது நான்காம் வார்த்தை. கடவுள் தம்மை ஏன் கைவிட்டார் என்று இயேசு கதறியது அது.

போதகர் அழைத்தபோது நான் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் மகள் எஸ்தர். பெசன்ட் நகரில் இருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய ஒரே பிள்ளை சாமு, நாலு வயது, காய்ச்சலில் போய்விட்டான். சாவு வீட்டில் சபைச் செயலாளர் ஞானையா அவளிடம், "ஆண்டவர் தம்ம பிள்ளையையே தப்ப விடலையேம்மா" என்று சொன்னார். அன்றிலிருந்து அவள் கோயில் படி ஏறவில்லை. பிள்ளையை அடித்தால்தான் கோபம் தீரும் என்கிற தகப்பனிடம் தனக்கு என்ன பேச்சு என்பது அவள் கேள்வி. போன மாதம் போயிருந்தபோது, "நீங்க பேசறதா இருந்தா வரேன்பா, ஒரே ஒரு தடவை" என்றாள்.

காலை ஏழே கால். மாம்பலத்தில் இறங்கி, தியாகராய நகரில் ஞானையாவின் வீட்டுக்கு நடந்தேன். பேசுகிறவர்கள் முதலில் அவரைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி. நன்றாகப் படித்தவர். உபவாச நாளாதலால் தண்ணீர் மட்டும் வந்தது.

"சார், சுத்தி வளைக்காம கேக்கறேன். நம்ம தண்டனையை நமக்குப் பதிலா அவர் அனுபவிச்சாரா, இல்லையா?"

"நமக்காகச் செத்தார். அதுல எனக்குச் சந்தேகமில்லை. பிதா ஒரு நீதிபதியா உக்காந்து நம்ம தண்டனையை மகனுக்குக் கொடுத்தார்ங்கறது ஆதிச் சபை போதனையான்னுதான் கேக்கறேன். முதல் ஆயிரம் வருஷம் மரணத்தை ஜெயிச்சார், அடிமைகளை மீட்டார்னு பேசினாங்க. இந்தக் கோர்ட் விவகாரம் பதினாறாம் நூற்றாண்டுச் சரக்கு."

"அப்போ ஏசாயா ஐம்பத்துமூணு, நம்ம அக்கிரமத்துக்காக அவர் நொறுக்கப்பட்டார்ங்கறது, எந்த நூற்றாண்டுச் சரக்கு, சார்?"

"அது வசனம். நீங்க சொல்றது அதுக்கு ஒரு விளக்கம்" என்றேன்.

"ரெண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் ஒருத்தர் எழுதின நிருபத்துலயே அநியாயக்காரங்களுக்குப் பதிலா நீதிமான் ஒருத்தரைக் கொடுத்தார்னு வருதே. உங்க குறிப்புல அது இருக்கா?"

"இருக்கு. இரண்டாம் தாள்."

"கெட்டிக்காரர்தான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கப்பா குடிகாரர் சார். ஒரு ஆளைக் கத்தியால குத்தினவர். உன் தண்டனையை ஒருத்தர் வாங்கிக்கிட்டாரு, போய்ப் படுன்னு பாதிரியார் சொன்ன அன்னைக்குத்தான் மனுசன் தூங்கினாரு. நீங்க அதை இல்லைன்னு சொன்னா அவர் எங்க போவார்? உங்க மகளுக்கும் நான் ஆறுதலாத்தான் சொன்னேன்."

"அது ஆறுதலா போய்ச் சேரலை."

அவர் முகம் இறுகியது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் பக்கத்தை முதலில், ஒரு குறையும் இல்லாமல் சொல்வேன். பிறகு என் பக்கம். முப்பத்தாறு ஆண்டு பள்ளிக்கூடத்தில் விவாத மன்றம் நடத்தியவன் நான். எதிர்த்தரப்பை முதலில் முழுதாகச் சொல்வதுதான் நியாயம் என்று பையன்களுக்கு அடித்துச் சொன்னவன். ஒன்பது நிமிடம் அவருக்கு, ஒன்பது எனக்கு. ஜெபத்துக்கு இரண்டு.

ஞானையா ஸ்கூட்டரில் முன்னே போனார். பின்னால் உட்கார எனக்குப் பயம். மயிலாப்பூருக்குப் பேருந்தில் இருபது பைசா.

பகல் பன்னிரண்டு. மேகம் கலைந்து வெயில் வந்துவிட்டது. கோயிலுக்குள் முந்நூறு பேருக்குக் குறையாது. மின்விசிறிகளை எண்ணினேன், பன்னிரண்டு. ஓடியவை ஏழு. பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில், தூணை ஒட்டி எஸ்தர். காணிக்கைத் தட்டில் ஒரு ரூபாய் போட்டேன்.

நேரம் பார்ப்பவர் ஞானையா. பள்ளிக்கூட மேசையில் இருப்பது போன்ற மணி ஒன்று அவர் முன்னால். அவர் அடித்தால் பேசுகிறவர் நிறுத்த வேண்டும், பாடகர் குழு எழுந்து பாட வேண்டும். முதல் இருவர் ஒழுங்காக முடித்தார்கள். மூன்றாமவர் வெளியூர்ப் பெரிய மனிதர். சிலுவையடியில் நின்ற தாயைப் பற்றி முப்பத்தாறு நிமிடம் பேசினார். அவருக்கு மணி அடிக்க ஞானையாவுக்குக் கை வரவில்லை. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒன்று நாற்பதுக்கு நான் ஏறினேன். மூன்றாமவரால் என் நேரம் குறைந்ததென்று யாரும் சொல்லவில்லை. நம் சபை இதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று முதலில் சொல்கிறேன் எனத் தொடங்கினேன். நன்றாகவே சொன்னேன். ஏசாயாவைச் சொன்னேன், பலியாடுகளைச் சொன்னேன், இரண்டாம் நூற்றாண்டு நிருபத்தைச் சொன்னேன். நம்மேல் விழ வேண்டிய கோபமெல்லாம் அந்த ஒரே பிள்ளையின் தலையில் இறங்கியது, அதைப் பார்க்கப் பொறுக்காமல் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அந்தப் பக்கத்தின் உச்சம். அதையும் சொன்னேன். கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினேன்.

மணி அடித்தது. ஒன்று ஐம்பதுதான் ஆகியிருந்தது.

பாடகர் குழு எழுந்தது. முந்நூறு பேரும் எழுந்தார்கள். நான் கையை ஆட்டினேன், யாரும் பார்க்கவில்லை. போதகர் என் முழங்கையைத் தொட்டு, "நேரமாயிடுச்சுய்யா" என்றார். ஞானையா அருகே வந்து என் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அருமை, சார்." நேரத்துக்காக அடித்தாரா, தெரிந்தே அடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாலாவது வரிசையில் தூணருகே இடம் காலி.

பேசியவர்கள் மூன்று மணிவரை மேடையில் இருக்க வேண்டும். நான் இறங்கி, நடுவழியாகவே வெளியே போனேன். பின்னாலிருந்து யாரோ "வாத்தியாரையா" என்றார்கள். வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா.

"இன்னா நைனா, எங்க போவணும்?"

"பெசன்ட் நகர். என் பொண்ணு கிளம்பிட்டா. வழியில பார்த்துக்கிட்டே போகணும்."

"கோச்சிக்கினு போய்டுச்சா? மூணு ரூவா குடு."

"ரெண்டு."

"பிரிட்ஜ் ஏத்தத்துல நீ எறங்கித் தள்ளுவியா? ரெண்டரை. குந்து."

விடுமுறை நாள். பேருந்துகள் குறைவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நிழற்குடையின் கீழ் அவள் உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு இருபது.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் மூணு வார்த்தை பாக்கி இருக்கே."

"நான் சொல்ல வந்ததுல பாதி பாக்கி."

"கேட்ட வரைக்கும் போதும்பா. சாவு வீட்டுல அந்த மாமா ஒரு வரியில சொன்னதை நீங்க பத்து நிமிஷம் சொன்னீங்க."

"அது அவங்க பக்கம், எஸ்தர். அதை முதல்ல சொல்றதுதான் நியாயம்."

"யாருக்கு நியாயம்? நாலாவது வரிசையில நான் உக்காந்திருந்தேன்."

தாள்களை எடுத்து, முதல் நூற்றாண்டிலிருந்து தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நூற்றாண்டெல்லாம் வேணாம். அவர் அடிச்சாரா, இல்லையா? உங்க பக்கம் மட்டும் சொல்லுங்க."

எனக்கு அது பழக்கமில்லை. ஒரு பேருந்து வந்து நின்றது, போனது. இருவரும் ஏறவில்லை.

"அடிக்கலை" என்றேன். "அடிச்சது போர்ச்சேவகர்கள். தீர்ப்பு சொன்னது தேசாதிபதி. அப்பா, அடிபட்ட பிள்ளையோடதான் இருந்தார்."

"பின்னே கைவிட்டீரேன்னு அவரே ஏன் கத்தினார்?"

"வலியில இருக்கறவனுக்கு அப்படித்தான் தெரியும். உனக்கும் அப்படித்தானே தெரிஞ்சுது?"

"ஆதியில இருந்தவங்க எல்லாரும் இப்படித்தான் நம்பினாங்களா? நிச்சயமா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அங்கேயே முடிந்துவிடும். வாய் வரை வந்தது.

"பலவிதமா பேசியிருக்காங்கம்மா. ஞானையா சொல்றதுக்கும் ஆதாரம் கொஞ்சம் இருக்கு. அது ஒண்ணுதான் விளக்கம்னு அப்போ யாரும் கட்டாயப்படுத்தலை. அதுக்கு மேல நிச்சயமா சொல்ல எனக்குத் தெரியாது. நான் நம்பறதைச் சொன்னேன்."

அவள் என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடித்தாள். "சாமுவுக்கு ஜுரம் ஏறின அன்னைக்கு?"

"அன்னைக்கும் அடிக்கலை."

புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு மாதத்தில் என் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல்.

ரிக்‌ஷாக்காரர் பீடியை அணைத்துவிட்டு வந்தார். "நைனா, வெயிட்டிங்கு ஒண்ணர ரூவா ஆவும். பஞ்சாயத்து முடியட்டும், அவசரமில்ல. சொல்லி வெச்சிடறேன்."

எஸ்தர் முகத்தைத் துடைத்தாள். "ஏறுங்கப்பா. வெயில்ல மயக்கம் போட்டுருவீங்க."

மாலை ஐந்தரை. எலியட்ஸ் கடற்கரையில் நல்ல கூட்டம். வேளாங்கண்ணிக் கோயிலிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், குழந்தைகளோடு வந்தவர்கள் ஒரு பக்கம். சாமு போனபின் அவள் அந்த மணலில் கால் வைத்ததில்லை. அன்று, போகலாமா என்று அவளே கேட்டாள். ஐம்பது பைசாவுக்குச் சுண்டல் வாங்கினேன். ஒரு பொட்டலத்தை அவள் முழுதாகத் தின்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பெசன்ட் நகரிலிருந்து மாம்பலத்துக்குப் பேருந்தில் முப்பத்தைந்து பைசா. ரயிலுக்கு மறுபடி ஒன்று நாற்பத்தைந்து. செங்கற்பட்டில் எங்கள் கோயிலுக்கு அறுபது பேர் வந்தால் அதிகம். நேரம் பார்க்க ஆள் கிடையாது. பேசுகிறவர் களைத்தால்தான் பேச்சு முடியும். அதற்காக முன்பு அலுத்துக்கொண்டதுண்டு. இனி அலுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த வாரம் ஞானையாவிடமிருந்து வழிச்செலவு என்று ஐந்து ரூபாய் வந்தது. நம் பக்கத்தை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று இரண்டு வரி. மனிதர் மனதாரத்தான் எழுதியிருந்தார். பணத்தை மணியார்டரில் திருப்பி அனுப்பினேன். பாரத்தின் அடியில் செய்தி எழுதும் துண்டில், "நான் பேசியது பாதி, மீதிக்கு நேரம் தந்தால் என் செலவிலேயே வருகிறேன்" என்று எழுதினேன். கமிஷன் இருபது பைசா. பதில் இல்லை. போக வர, ரிக்‌ஷா, காணிக்கை, சுண்டல், மணியார்டர் கமிஷன் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஒன்பது ரூபாய் பதினைந்து பைசா.