புங்கங்குட்டைக் கும்பா

"உங்க வீட்டுல இருக்கறதுலயே பழைய சாமான் எதுவோ, அதைப் பெரியவங்ககிட்டக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் சொன்னதே வேண்டாவெறுப்பாகத்தான். எழுபதுகளின் கடைசி அது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சேலம் டவுனில், சர்ச் மணி சத்தம் கேட்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆண்டு விழாவுக்கு 'நம்ம ஊர் வரலாறு' என்று ஒரு கண்காட்சி வைக்கும்படி தலைமையாசிரியர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"கோட்டை இல்ல, கல்வெட்டு இல்ல, பெரிய கோயில்கூட இல்ல. இந்த ஊருக்கு என்ன சார் வரலாறு?"

"இருக்கறத வையுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் பீரியட் அட்டவணையில் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலையில் என் வகுப்பு பாத்திரக் கடையாகிவிட்டது. எவர்சில்வர் வீடுவீடாக வந்துகொண்டிருந்த காலம். பித்தளையும் செம்பும் அட்டாலியில் ஏறி, மாற்றுக்குப் போகக் காத்திருந்தன. அவையெல்லாம் இறங்கி வந்து பெஞ்சுகளின்மேல் உட்கார்ந்திருந்தன. குடம், தவலை, குத்துவிளக்கு, மூக்குடைந்த கெண்டி. ஒரு பையன் உலக்கைப் பூண் மட்டும் கொண்டுவந்திருந்தான். உலக்கை அடுப்புக்குப் போய்விட்டதாம்.

பாத்திரங்களில் பேர் வெட்டியிருந்தது. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்துகள். யாருடைய பெண்ணுக்கு யார் போட்ட சீர் என்ற விவரம்தான் பெரும்பாலும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருந்தது. சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால் புள்ளிகளில் மட்டும் வெள்ளை தங்கும். அப்படித்தான் ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவது பாத்திரத்தில் 'புங்கங்குட்டை' என்று ஒரு ஊர்ப்பேர் இருந்தது. ஏழாவதிலும் இருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். தோட்டக்காரர் வீட்டுத் தவலை, வண்ணார் வீட்டுக் குடம், மளிகைக் கடைக்காரர் வீட்டு விளக்கு என்று ஆறு வீட்டுச் சாமான்களில் அதே பேர்.

"புங்கங்குட்டை எங்கப்பா இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. கிராமக் கணக்கு எழுதும் கர்ணத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். அப்படி ஒரு ஊர் தன் கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டார். தபால்காரர் தலையைச் சொறிந்து, "அந்தப் பேருக்கு நான் ஒரு கார்டுகூடக் குடுத்ததில்லீங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. என் மாணவி ஒருத்தியின் அப்பா; ஊரில் பெரிய பண்ணயம் பண்ணுகிறவர். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சரம்மா, பாப்பா வந்து சொல்லுச்சுங்க. எங்கூட்டுல மஞ்ச வேக வெக்கிற கொப்பரை ஒண்ணு கெடக்குது. விளிம்புல என்னமோ எழுத்து இருக்குதுங்க. கரி ஏறிப்போயி படிக்கத் தெரியல."

டிராக்டரிலேயே ஏற்றி வந்திருந்தார்; நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். செப்புக் கொப்பரை. இரண்டு பிள்ளைகள் அதற்குள் உட்காரலாம். தேங்காய் நாரும் புளியும் போட்டு நானே தேய்த்தேன். பீரியடில் பாதி போனபிறகு எழுத்து எழுந்து வந்தது. 'புங்கங்குட்டை ஊர்ப்பொது.'

அவர் துண்டால் விளிம்பைத் துடைத்துவிட்டு அதையே பார்த்தார். பிறகு, "எங்க கெழக்காலக் காட்டுக்கு ஊர்த்தோட்டம்னு பேருங்க. எங்கப்பனும் அப்படித்தான் சொல்லுவாரு, நானும் அப்படித்தான் சொல்றேன். ஊரே இல்லாத எடத்துக்கு எதுக்கு அந்தப் பேருன்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சதே இல்லீங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அவரோடும் அவர் மகளோடும் நானும் அந்தக் காட்டுக்குப் போனேன். மஞ்சள் நடுவதற்காக உழுது போட்டிருந்தார்கள். கிழக்கே போதமலை நீலமாக நின்றது. முதலில் எனக்கு மண்தான் தெரிந்தது. பிறகு கண் பழகியது. சால் ஓடிய இடமெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள். பாதி உடைந்த அம்மி. கணுக்கால் உயரத்துக்கு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல். அதன் நடுப்பகுதி வழவழவென்று பள்ளமாகத் தேய்ந்திருந்தது. வாசற்படி. எத்தனை பேர் கால் பட்டு அப்படித் தேய்ந்திருக்கும் என்று குனிந்து அந்தப் பள்ளத்தில் கையை வைத்தேன். அத்தனை வருடம் அந்த மண்ணில் ஏர் ஓட்டியவர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நின்றார்.

"எல்லாரும் ஏனுங்க போனாங்க?" என்று மகள் கேட்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள்தான் காலனியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி மேசைக்கு அருகில் வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். பழைய சேலைத்துணியில் சுற்றி ஒரு வெண்கலக் கும்பா வைத்திருந்தாள்.

"தெனமும் இதுலதான் டீச்சர் கஞ்சி குடிக்கிறோம். அம்மா தரமாட்டேன்னாங்க. இன்னைக்குத்தான் தந்தாங்க."

வெளியே ஒரு எழுத்தும் இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், வளையத்துக்கு உள்பக்கம், தேய்ப்புக்குத் தப்பிய இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. தூளைத் தடவிவிட்டு, அவளையே படிக்கச் சொன்னேன். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இது என் பேரு."

விளையாட்டாகக் கிறுக்கி வைத்திருக்கிறாளோ என்று எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "எங்க ஆயா பேருதான் டீச்சர் எனக்கு வெச்சது. ஆயாவுக்கு அவங்க ஆயா பேராம்" என்றாள். மீதியை நான் படித்தேன். அவள் பேருக்கு அடுத்து இப்படி இருந்தது: 'புங்கங்குட்டை ஊரார் குடுத்தது. காச்சல்ல கஞ்சி ஊத்தினதுக்கு.' கீழே வருடம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிற பேர்களில் ஒன்று. எந்தச் சுற்று என்று யார் சொல்வது?

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர் தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறவள் நான். ஊர் முழுக்கக் காய்ச்சலில் விழுந்து கிடந்திருக்கிறது. அடுப்பு மூட்ட ஆள் இல்லை. ஒரு பெண் கஞ்சி காய்ச்சி வீடுவீடாக ஊற்றியிருக்கிறாள், எல்லாரும் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். பிழைத்தவர்கள் அதை மறைக்காமல் வெண்கலத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு, அந்தக் காய்ச்சலுக்குப் பயந்தோ என்னவோ, புங்கங்குட்டையை விட்டு இங்கே வந்து ஊரே மறந்துவிட்டது. கும்பா மட்டும் மறக்கவில்லை.

கண்காட்சியில் எதை எங்கே வைப்பது என்று ஆசிரியர்களுக்குள் முணுமுணுப்பு இருந்தது. "காலனிச் சாமானைத் தனியா ஒரு ஸ்டூல்ல வெச்சுரலாமே" என்றார் ஒருவர். தலைமையாசிரியர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் ஒரே ஊர்ச் சாமான் சார்" என்று மட்டும் சொன்னார். கொப்பரை கீழே இருந்தது. மேசையின் நடுவில் கும்பாவைக் கவிழ்த்து வைத்து, எழுத்துகளைப் பெரிய அட்டையில் எழுதிப் பக்கத்தில் நிறுத்தினேன்.

கொப்பரைக்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, அந்த அட்டைக்கு முன்னால் நின்றார். ஒருமுறை படித்தார். குனிந்து கும்பாவில் இருந்த எழுத்தையே விரலால் தடவி இன்னொருமுறை படித்தார். கும்பா கொண்டுவந்த பெண்ணின் அம்மா சுவரோரமாக, களை வெட்டப் போகிற சேலையோடு நின்றிருந்தாள். அவர் காட்டிலேயே எத்தனையோ நாள் வேலை செய்தவள்தான். 'வா, போ' என்பது தவிர வேறு விதமாக அவர் அவளிடம் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் திரும்பிக் கேட்டார்:

"இது உங்க ஊட்டுக் கும்பாங்களா?"

அவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஆமாஞ் சாமி" என்றாள்.

"எங்கூட்டுக் கொப்பரையப் பாத்தா, எங்க பாட்டனுக்குப் பாட்டன் அந்த ஊர்க்காரராத்தான் இருந்திருக்கோணும். அவரும் இதக் குடிச்சுத்தான் பொழச்சிருப்பாரு போலிருக்குதுங்க" என்றார் அவர்.

அப்போது கும்பா கொண்டுவந்த மாணவி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அத்தன பேருக்கும் கஞ்சிய எதுல காச்சியிருப்பாங்க?"

எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் கீழே இருந்த கொப்பரைக்குப் போயிற்று. அதில்தான் காய்ச்சினார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று வரலாறு டீச்சராக நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், சாய்ந்திருந்த அட்டையை நேராக்கி வைத்தேன்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். டீக்கடையில் தனி டம்ளர் பிறகும் பல வருடம் தொங்கியது. ஆனால் அந்த மனிதர் அந்தக் குடும்பத்தாரிடம் கடைசிவரை '-ங்க' போட்டுத்தான் பேசினார். வாசற்படிக் கல் இருந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் உழச் சொன்னார். அவர் வீட்டிலேயே அதற்குக் கேலி இருந்தது என்று கேள்வி.

கண்காட்சி முடிந்ததும் கும்பாவைப் பள்ளியில் கண்ணாடி அலமாரியில் வைக்கலாமா என்று தலைமையாசிரியர் அந்தத் தாயிடம் கேட்டார். அவள் சேலைத்துணியை விரித்து அதைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அதுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா நாங்க எதுலீங்க கஞ்சி குடிக்கிறது?"

எழுத்துகளைப் பென்சிலால் தாளில் ஒற்றி எடுத்துத்தான் அலமாரியில் வைத்தோம். அதன்பிறகு எவர்சில்வருக்கு மாற்றப் போகிறவர்கள், போகிற வழியில் பாத்திரத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, "என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க டீச்சரம்மா" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. படித்துச் சொன்னபிறகு சிலர் கடைக்குப் போனார்கள். சிலர் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார்கள்.