கழுவிக் கொடுத்த சொம்பு

1991-ல் சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கோத்தகிரியில் ஒரு மூலிகைத் தோட்டத்தில் களை எடுத்தேன். ஓரிடத்தில் கால் தங்காது. படிப்பும் ஏழாவதோடு சரி.

மலையிலிருந்து இறங்கும்போது ரோஸ்மேரிக் குச்சிகள் மூன்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். துளசிக்கு ஊற்றுவதுபோல இருவேளையும் தண்ணீர் ஊற்றியதில் இரண்டு அழுகிப்போயின. மூன்றாவதை உடைந்த பானையில் மணலும் செங்கல் தூளுமாகப் போட்டு நட்டு, கவனிக்காமல் விட்டேன். அதுதான் பிழைத்தது. வெயில் சாயும் நேரம் அந்த ஊசி இலையைக் கசக்கி முகர்வேன். சூளைப் புகைக்குள் மலைப்பனி மெல்ல இறங்கி வருவதுபோல இருக்கும். கண்ணை மூடினால் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியாது.

இலையை எண்ணெயில் காய்ச்சி, முதுகுவலிக்காரர்களுக்குக் கொடுத்தேன். கேலியாக என்னை டாக்டர் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பக்கத்துக் குடிசைப் பெண் கல் சுமப்பவள். ஒருநாள் தலைவலி என்று வந்தாள். இரண்டு கைப்பிடி இலையைத் தண்ணீரில் போட்டுக் கறுக்கக் காய்ச்சி, குடிக்கச் சொல்லி ஒரு சொம்பு கொடுத்தேன். மறுநாள் சொம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து அவள் புருஷன், அவள் உண்டாகியிருக்கிறாள் என்று எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தான். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். வெல்லம் வாயில் இருக்கும்போதே கோத்தகிரித் தோட்டத்து மேஸ்திரி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதைக் கஷாயமாகக் கொடுக்கவே கூடாது.

அவள் ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சூளையிலிருந்து அதுவரை ஓடினேன். வழி நீண்டுகொண்டே போனது. மூச்சு வாங்க, அன்றைக்குக் கொடுத்ததைக் குடித்தாயா என்று கேட்டேன்.

"இன்னாண்ணா, விஷம் குடுத்தவன் மாதிரி ஓடியாற? வாயாண்ட கொண்டு போனேன், கொமட்டிக்கினு வந்துச்சு. கொட்ட மனசு வரல, தலையில ஊத்திக்கினேன். முடியப் பாரு, எப்டி பளபளன்னு கீது."

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னவென்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "கேட்டுட்டுக் குடுத்திருக்கலாமேண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு எத்தனையோ ஊரில் ரோஸ்மேரி நட்டுவிட்டேன். யாராவது ஒரு கொத்து கேட்டால், இலையைக் கிள்ளுவதற்கு முன் என் கை தானாக நின்றுவிடுகிறது. அவர்களைப் பற்றி முதலில் விசாரிக்கிறேன்.